கட்டிலிலிருந்து கழிப்பறை வரை: அப்பா அம்மாவுக்காகப் பழைய வீட்டைத் திருத்திய கதை

வயசானவர்களுக்கு ஏற்ற மாதிரி வீட்டைத் திருத்தப் போகிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் முதலில் வாசல் படியைத்தான் காட்டுவார்கள். "சறுக்கலா போட்டுடு, வண்டியும் ஏறும்" என்பார்கள். நான் வேலையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன். அம்மா வாசல் படியைத் தாண்டுவது பகலில், நல்ல வெளிச்சத்தில், நிதானமாக. கழிப்பறைக்குப் போவது தூக்கக் கலக்கத்தில், இருட்டில், அவசரத்தில். விழுவதற்கு வேண்டிய அத்தனையும் அந்த 22 அடி வழியில்தான் இருக்கிறது. காசும் நாளும் குறைவாக இருந்தால் அந்த வழியை மட்டும் சரிசெய்தால் போதும், வீட்டின் மற்ற பகுதியெல்லாம் காத்திருக்கலாம் என்பது என் கட்சி.

வீடு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முன்பக்கம் செங்கல் சுவர், சீமை ஓடு, திண்ணை, கூடம், ஒரு அறை. பின்னால் சமையலறை, கழிப்பறை, குளியலறை மூன்றும் பிற்பாடு ஆறங்குல ஹாலோ பிளாக்கில் (உள்ளே வெற்றிடமுள்ள சிமென்ட் கல்) கட்டி மேலே கான்கிரீட் போட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான் முன்னொரு காலமும் பின்னொரு காலமுமாக நிற்கும். அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 71. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர். ஓசூருக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிடுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அவர்கள் அங்கேயே இருக்கட்டும், வீடு அவர்களுக்குத் தோதாக மாறட்டும் என்று முடிவு செய்தோம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி இந்த இரண்டு மாவட்டங்களில் வீடு திருத்துபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. பாறை இடுக்கில் ஊறிவரும் நம் போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் அதைத் தாண்டியது. ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் அம்மாவின் தலைமுறை வாழ்நாளில் பெரும்பகுதி குடித்தது கிணற்றையும் போரையும்தான். அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் எழுதியிருப்பது தேய்மானம். ஆனால் தெருவில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கிற பெரியவர்களையும், குனிய முடியாத முதுகுகளையும் பார்த்து வளர்ந்தவன் நான். ஃப்ளோரைடு எலும்பில் அதிகமாகப் படிந்தால் முதுகுத்தண்டும் மூட்டும் இறுகிவிடும். ஆகவே முழங்காலை மட்டும் நினைத்துத் திட்டம் போட்டால் போதாது. குனியாமல், அண்ணாந்து பார்க்காமல், சட்டென்று திரும்பாமல் எல்லாம் கைக்கு எட்டவேண்டும். சுவிட்ச், குழாய், சோப்பு வைக்கும் பலகை எல்லாவற்றையும் தரையிலிருந்து 2½ அடிக்கும் 4 அடிக்கும் நடுவில் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம்.

சுவரில் இருக்கும் வரைபடம்

கைப்பிடி எங்கே வைப்பது என்று இணையத்தில் தேடினால் அளவுகள் கொட்டிக் கிடக்கின்றன. கட்டடங்களை மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் பயன்படுத்தும்படி அமைக்க மத்திய அரசின் அணுகல் வழிகாட்டு நெறிகள் 2016இலும் 2021இலும் வந்திருக்கின்றன. சாய்தளம் 12க்கு 1 (ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம்), கைப்பிடி 760, 900 மில்லிமீட்டர் என இரண்டு உயரம், கதவு 900 மில்லிமீட்டர் திறப்பு, சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம். நல்ல அளவுகள்தான். ஆனால் அவை பொதுக் கட்டடத்துக்கு, யார் வருவார் என்று தெரியாத இடத்துக்கு. நம் வீட்டில் யார் வருவார் என்று நன்றாகவே தெரியும்.

வெள்ளையடித்து நாலைந்து வருடமான சுவரைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கை படிந்த அழுக்கு தெரியும். எங்கள் வீட்டில் அறைக் கதவு நிலையின் இடப்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு கருப்பு. கூடத்துச் சுவரில் நீளமாக ஒரு தேய்ப்பு. சமையலறை வாசலில் இரண்டு உயரத்தில் இரண்டு தடம்: மேலே அப்பாவுடையது, நான்கு விரல் கீழே அம்மாவுடையது. கழிப்பறையில் தண்ணீர்க் குழாயின் கழுத்து மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அரை அங்குல பிளாஸ்டிக் பைப்பில் மாட்டிய குழாயைப் பிடித்துத்தான் அம்மா இத்தனை நாளும் எழுந்திருக்கிறார்.

"நீ நடம்மா, நான் சும்மா பாக்கறேன்" என்றால் அம்மா நேராக நடந்து காட்டுவார். பார்க்கும்போது யாரும் தடுமாறமாட்டார்கள். சுவர் பொய் சொல்லாது. அழுக்குத் தடம் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் வட்டம் போட்டேன். கைப்பிடிகள் எல்லாம் அந்த வட்டங்களில்தான் வந்தன. அம்மாவின் கை போகும் உயரம் 31 அங்குலம், புத்தக அளவுக்கு ஏறக்குறைய பக்கம்தான். ஆனால் எந்தப் பக்கச் சுவர், எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லாது.

கழிப்பறையும் குளியலறையும்

அக்கம்பக்கமாக இருந்த இரண்டு சின்ன அறைகள். ஒவ்வொன்றும் 4 அடிக்கு 5½ அடி. நடுவில் நாலங்குலத் தடுப்புச் சுவர். மேலே கான்கிரீட் ஒரே பலகையாக நான்கு பக்க வெளிச்சுவரில் உட்கார்ந்திருக்கிறது, தடுப்பு எதையும் தாங்கவில்லை என்று மேஸ்திரி பூச்சைச் சுரண்டிப் பார்த்து உறுதி செய்தபிறகுதான் உடைத்தோம். உடைத்ததும் நீளம் 8 அடிக்குச் சற்று மேல், அகலம் 5½ அடி. நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் திரும்ப இடம் இருக்கிறது. வேலை நடந்த நாட்களில் இரண்டு பேரும் அடுத்த வீட்டுச் சித்தப்பா வீட்டுக் கழிப்பறைக்குப் போய்வந்தார்கள். இருக்கும் ஒரே கழிப்பறையை உடைக்கிறவர்கள் இந்த ஏற்பாட்டை முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

சமையலறைத் தரையைவிடக் கழிப்பறைத் தரை 7 அங்குலம் தாழ்வு. அந்த ஒற்றைப் படிதான் வீட்டிலேயே மோசமான படி. மூன்று படி என்றால் மனசு தயாராகிவிடும். ஒரே ஒரு படியை கால் மறந்துபோகும். உடைத்த ஹாலோ பிளாக் துண்டுகளையே கொட்டி, திம்சுக்கட்டையால் இடித்து இறுக்கி, மேலே கான்கிரீட் போட்டுத் தரையைச் சமமாக உயர்த்தினோம். தரை உயர்ந்தால் கதவு குட்டையாகும், குழாய்கள் எல்லாம் 7 அங்குலம் கீழே போனது மாதிரி ஆகும், ஜன்னலும் தாழும். எங்கள் வீட்டில் லிண்டல் (கதவுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்திரம்) 7 அடியில் இருந்ததால் தப்பித்தோம். 6½ அடியில் இருந்திருந்தால் உயரமானவர்கள் நெற்றியில் வாங்கியிருப்பார்கள். தரையை ஏற்றுவதற்கு முன்னால் மேலே அளந்து பாருங்கள்.

சமமாக்கினால் தண்ணீர் வெளியே வருமே என்று மேஸ்திரி கேட்டார். நியாயமான கேள்வி. வாசல் ஓரமாக நீளவாட்டத்தில் ஒரு கால்வாய் வெட்டி, மேலே துளையிட்ட எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பட்டை போட்டோம். தரை வாட்டம் முழுவதும் வாசலை விட்டு விலகிக் குளிக்கும் மூலையில் இருக்கும் நானி ட்ராப் என்கிற தரை வடிகாலை நோக்கி. கதவடியில் அரை அங்குலத்துக்கும் குறைவான சரிவுக் கல். காலில் தட்டாது, தண்ணீரும் தாண்டாது.

கதவு 2 அடி அகலம், உள்பக்கம் திறப்பது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடி. வெளிப்பக்கம் திறக்கிறமாதிரி மாற்றி, 2 அடி 9 அங்குலமாக அகலப்படுத்தினோம். லிண்டல் துண்டாக இல்லாமல் சுவர் முழுக்க ஓடும் பெல்ட்டாக இருந்ததால் இது முடிந்தது. துண்டு லிண்டலாக இருந்தால் இரண்டு பக்கமும் அரை அடியாவது சுவரில் உட்கார்ந்திருக்க வேண்டும், அகலப்படுத்தினால் அந்த ஆதாரம் போய்விடும். தாழ்ப்பாள் வேண்டாம் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தாப்பா இல்லாத கக்கூஸ்ல நான் எப்படிடா உக்காருவேன்?" அதுவும் சரிதான். வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பினால் திறக்கும் தாழ் வாங்கி மாட்டினேன்.

வெஸ்டர்ன் க்ளோசெட் எந்த உயரம் என்பதில்தான் நிறைய நேரம் போனது. நெறிகளில் 450 முதல் 480 மில்லிமீட்டர், அதாவது 18, 19 அங்குலம். அம்மா 4 அடி 10. முழங்கால் மடிப்பிலிருந்து தரைக்கு 15½ அங்குலம்தான். 19 அங்குலத்தில் உட்கார்ந்தால் கால் தொங்கும், தொடை மரத்துப்போகும், முக்க முடியாது. கீழே கல்லடுக்கி மேலே பலகை போட்டு, அரை அரை அங்குலமாக ஏற்றி, கையை ஊன்றாமல் எங்கிருந்து எழ முடிகிறது என்று பார்த்தோம். அம்மாவுக்கு 16½, அப்பாவுக்கு 17½. சீட்டோடு சேர்த்து 17இல் நின்றோம். வெளிச்சுவர் பக்கமாக இருந்ததால் பி ட்ராப் மாதிரியை எடுத்தோம். கழிவு சுவர் வழியாக நேரே வெளியே சேம்பருக்குப் போய்விடும், தரைக்குள் பைப் புதைக்க வேண்டியதில்லை. க்ளோசெட்டின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 18 அங்குலம். அதைவிடத் தள்ளினால் கைப்பிடி எட்டாது.

அப்பாவுக்கு வெஸ்டர்னில் விருப்பமே இல்லை. பழைய இந்தியன் பேசினை வைத்துக்கொள்ளலாம், நான் குந்துவேன் என்றார். குந்துவதில் சிக்கல் இல்லை, எழுவதில்தான். கடைசியில் அம்மாவின் முழங்கால்தான் அவரைச் சம்மதிக்க வைத்தது.

கழுவும் நேரத்தைப் பற்றி நம் வழக்கப்படி தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. சொம்பு என்றால் வலது கை ஊற்றும், இடது கை கழுவும். கைக் குழாய் என்றாலும் அதே கதை. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போதுதான் உடம்பு முன்னால் சாய்கிறது, ஒரு பக்கம் தூக்குகிறது. பிடிமானம் மிகவும் வேண்டிய நேரத்தில் பிடிக்கக் கையில்லை. அதனால் சீட்டுக்கு அடியில் பொருத்தும் ஜெட் போட்டு, அதன் திருகை வலது கை எட்டுமிடத்தில் வைத்தேன். வலது கை திருகிவிட்டு கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும். அம்மா சொம்பை விடமாட்டேன் என்றதால், இடப்பக்கம் ஒன்றரை அடி உயரத்தில் கல்மேடை கட்டி வாளியை அதன்மேல் ஏற்றினோம். வாளிக்குள் குனிய வேண்டியதில்லை. இப்போது அப்பா ஜெட், அம்மா சொம்பு.

ஹாலோ பிளாக்கில் கைப்பிடி

எனக்குத் தெரிந்து இந்த வேலையைத்தான் பலரும் அலட்சியமாகச் செய்கிறார்கள். ஹாலோ பிளாக்கின் முகத்தடிமன் ஒன்று, ஒன்றேகால் அங்குலம்தான். டிரில் பிட் பூச்சைத் தாண்டி, அந்த ஓட்டைத் தாண்டி, திடீரென்று வெற்றிடத்துக்குள் விழும். கைக்கே தெரியும். அங்கே பிளாஸ்டிக் பிளக் போட்டு ஸ்க்ரூ முறுக்கினால் துண்டு மாட்டத் தாங்கும், ஆள் தொங்கத் தாங்காது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வைத்த கைப்பிடிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கவே வாங்காதீர்கள். பிடிமானம் இல்லை என்று தெரிந்தால் ஜாக்கிரதையாக இருப்போம். இருக்கிறது என்று நம்பித் தொங்கும்போது கழன்றால் என்னவாகும்?

நாங்கள் செய்தது இது. கைப்பிடி வரும் இடத்தில் பிளாக்கின் முகத்தை நாலங்குலச் சதுரமாக கிரைண்டரால் வெட்டி, உள்ளே கீழே விழாமல் சிமென்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து, அதன்மேல் பொடி ஜல்லி கான்கிரீட்டைக் குத்திக் குத்தி நிரப்பினோம். ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறவைத்தோம். பிறகு சுவரின் மறுபக்கம் வரைக்கும் துளை போட்டு, 10 மில்லிமீட்டர் எஸ்எஸ் த்ரெட் ராடை (முழுக்க மரை வெட்டிய கம்பி) நுழைத்து, வெளிப்பக்கம் 6 மில்லிமீட்டர் தடிப் பட்டையோடு நட் போட்டு இறுக்கினோம். குழியை நிரப்பாமல் இப்படி இறுக்கினால் இரண்டு பக்க ஓடும் உள்வாங்கி நொறுங்கும். அதனால் கான்கிரீட் முதலில், நட் பிறகு.

கைப்பிடிக் குழாய் எஸ்எஸ் 304, ஒன்றேகால் அங்குலம், மங்கலான ஃபினிஷ். கண்ணாடி போல் மின்னுவது சோப்புக் கையில் வழுக்கும். ஓசூரில் தெரிந்த பட்டறையில் ஆர்கான் வெல்டிங் வைத்தோம். சுவருக்கும் குழாய்க்கும் ஒன்றரை அங்குல இடைவெளி. குறைந்தால் விரல் முட்டி உராயும், கூடினால் விழும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். க்ளோசெட்டுக்கு வலப்பக்கம் எல் வடிவத்தில் ஒன்று: படுக்கைக் கோடு தரையிலிருந்து 27 அங்குலம், நிற்கும் கோடு முழங்காலுக்குச் சற்று முன்னால். எழும்போது கை கீழே அழுத்தாமல் முன்னால் இழுக்கத்தான் பார்க்கும், நிற்கும் கோடு அதற்குத்தான். குளிக்கும் மூலையில் ஒன்று, கதவருகே ஒன்று. அமெரிக்க விதியில் கைப்பிடி 250 பவுண்டு, ஏறக்குறைய 113 கிலோ தாங்கவேண்டும் என்று இருக்கிறது. நானும் மேஸ்திரியும் சேர்ந்தே தொங்கிப் பார்த்தோம். பூச்சில் மயிரிழை விரிசல்கூட விடவில்லை.

அம்மா உள்ளே வந்து ஒரு சுற்று பார்த்தார். "என்ன கண்ணு, ஆஸ்பத்திரியாட்டம் பண்ணி வெச்சிருக்கற?" அடுத்த வாரம் வந்து பார்த்தால் மூன்று கைப்பிடியிலும் துண்டு, உள்பாவாடை, அப்பாவின் அண்டர்வேர். ஈரத்துணியைப் பிடித்தால் துணியோடு கை வழுக்கும். எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். தனியாக நாலரை அடி உயரத்தில் ஒரு துணிக்கம்பி கட்டினேன். அன்றிலிருந்து கைப்பிடி கைக்கு மட்டும்.

வழுக்காத தரை, ஊர்க் கல்

கிருஷ்ணகிரிக்காரன் வீட்டில் கிரானைட் போடாவிட்டால் எப்படி என்று உறவினர்கள் கேட்டார்கள். பாலிஷ் கிரானைட் ஈரமானால் பெரியவர்களுக்கு எமன். கருப்புக் கல்லில் தண்ணீர் சிந்தியிருப்பதே கண்ணுக்குத் தெரியாது. டைல்ஸ் கடையில் ஆன்டி ஸ்கிட் என்று எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். பெட்டியில் ஆர்10, ஆர்11 என்று இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அது ஜெர்மன் சோதனை, எண்ணெய் ஊற்றிய சரிவில் ஷூ போட்டு நடந்து பார்ப்பது. வெறுங்காலும் சோப்புத் தண்ணீருமான இடத்துக்கு ஏ, பி, சி என்று வேறு வரிசை இருக்கிறது. நம் கடைகளில் இரண்டாவதைச் சொல்பவர் அரிது. ஆகவே கடையிலேயே ஒரு டைலைத் தரையில் போட்டு, ஷாம்பூ பாக்கெட்டை உடைத்து ஊற்றி, செருப்பைக் கழற்றி ஏறி நின்றேன். கடைப்பையன் சிரித்தான். மூன்றாவது டைலில்தான் குதிகால் நின்றது. 1 அடிக்கு 1 அடிச் சின்ன டைல், சொரசொரப்பு. சின்ன டைல் என்றால் இணைப்புக் கோடு அதிகம், கோடுகளும் பிடிமானம்தான். தரை வெளிர் சாம்பல், சுவரின் கீழ்ப்பகுதி அடர் நிறம். வெள்ளைத் தரையில் வெள்ளை க்ளோசெட் புரை விழுந்த கண்ணுக்குக் கரைந்துபோகும். அதனால் சீட் மட்டும் கரும்பழுப்பில் வாங்கினோம்.

வாசல் படிக்கு ஊர்க் கல்லையே போட்டோம், ஆனால் சுட்டது. ஜெகதேவிப் பக்கம் ஒரு பட்டறையில் ஓரத்தில் கிடந்த துண்டுக் கற்களைப் பேரம் பேசி எடுத்தோம். ஆக்சிஜன் கலந்த கேஸ் தீயைக் கல் மேல் ஓட்டுவார்கள். 573 டிகிரியில் கல்லிலுள்ள குவார்ட்ஸ் படிகம் உருமாறிச் சட்டென்று உப்பும். மேல்தோல் படபடவென்று பொரிந்து தெறித்து, சொரசொரப்பான முகம் மிஞ்சும். மெல்லிய கல் இந்தச் சூட்டில் பிளந்துவிடும் என்பதால் 30 மில்லிமீட்டர் கல்லாகப் பார்த்து எடுத்தோம். மழையில் நனைந்தாலும் கால் நிற்கும். குளியலறைக்கு இது வேண்டாம், உள்ளங்கால் உராயும், சோப்பு அழுக்கும் குழிகளில் தங்கும்.

கூடத்தில் இருப்பது சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. அதைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் கால்மிதியாகக் கிடந்த கோணிச் சாக்கை எடுத்தேன். அதன் மடிந்த மூலையில் பெருவிரல் மாட்டுவதுதான் பாதி தடுமாற்றத்துக்குக் காரணம்.

வாசலில் சாய்தளம் போடாதது

தரைமட்டத்திலிருந்து திண்ணை மட்டம் 24 அங்குலம். 12க்கு 1 என்றால் 24 அடி சாய்தளம் வேண்டும். முன்வாசலோ 15 அடி. ஊரில் போட்டிருப்பதெல்லாம் டிவிஎஸ் எக்ஸ்எல் ஏறும் சறுக்கல், 4க்கு 1 சரிவுகூட இருக்கும். வண்டிக்கு எஞ்சின் இருக்கிறது. அதில் சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்றவும் முடியாது, இறக்கும்போது பிடித்து நிறுத்தவும் முடியாது.

இருவரும் இப்போது நடக்கிறார்கள். முழங்கால் வலிக்கு நீளச் சரிவில் இறங்குவதைவிடத் தாழ்வான படி சுகம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட்டும் இதையே சொன்னார். இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அம்மாவை நடக்கச் சொல்லிப் பார்த்து, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஊன்றுகோல் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் என்று பழக்கிவிட்டுப் போனார். அதிலிருந்தே ஒரு பக்கக் கைப்பிடி போதாது என்பது புரிந்தது. ஏறும்போது வலப்பக்கம் இருப்பது இறங்கும்போது இடப்பக்கம் ஆகிவிடுகிறதே.

8 அங்குலத்தில் மூன்றாக இருந்த படியை எடுத்துவிட்டு, 4.8 அங்குலத்தில் ஐந்து ஏற்றமாக மாற்றினோம். மிதி 15 அங்குலம், முழுப்பாதமும் அமரும். எல்லாப் படியும் ஒரே உயரம் என்பதை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தோம். ஒரு படி அரை அங்குலம் வித்தியாசப்பட்டாலும் கால் ஏமாறும். ஒவ்வொரு விளிம்பிலும் வெள்ளைக் கல் பட்டை. இரண்டு பக்கமும் கைப்பிடி, கடைசிப் படியைத் தாண்டி இன்னும் ஒரு அடி நீளம். பக்கவாட்டில் மாமரத்தை ஒட்டி எல் வடிவச் சாய்தளத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். தேவை வரும்போது மண் நிரப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

வாசல் நிலைப்படி நாலங்குல உயரம், மஞ்சள் குங்குமம் வைத்தது. அதை அறுக்கலாமா என்று கேட்கக்கூட இல்லை. நிலையின் இரண்டு பக்கமும் அழுக்குத் தடம் இருந்த உயரத்தில் நிற்கும் கைப்பிடி மட்டும் வைத்தோம். திண்ணையையும் தொடவில்லை. கார் நிறுத்தத் திண்ணையை இடிக்கிறவர்களைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்ததும் உட்கார்ந்து மூச்சு வாங்கவும், செருப்பைக் கழற்றவும், போகிறவர் வருகிறவரோடு பேசவும் இதைவிட நல்ல இடம் எந்தக் கட்டடக்கலைஞர் வரைவார்?

அடுப்படியில் அம்மா கேட்டது

எங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை அம்மாதான் கேட்டார். களி கிண்ட இடம். சமையல் மேடை 32 அங்குலம். களியைக் கிண்ட மேலிருந்து உடம்பு எடையைத் துடுப்பில் இறக்கவேண்டும். மேடை உயரத்தில் அம்மாவுக்கு அது தோள் வேலையாகிவிடும். அதனால் பானையைத் தரைக்கு இறக்கி, குந்தி உட்கார்ந்து, காலால் அணைத்துக் கிண்டிக்கொண்டிருந்தார். கொதிக்கும் பானை, குந்திய முழங்கால்.

அடுப்பையே தாழ்வாக வைக்கலாமா என்று யோசித்தோம். சிலிண்டர் மட்டத்துக்கு மேலேதான் அடுப்பு இருக்கவேண்டும் என்பது கேஸ் பாதுகாப்பு விதி. அதனால் அடுப்பு மேடையிலேயே இருக்க, அதை ஒட்டி 20 அங்குல உயரத்தில் கல் மேடை ஒன்று கட்டி, நடுவில் பானையின் அடி உட்காரும் அளவுக்கு வட்டமாக வெட்டச் சொன்னேன். பானை அதில் இறங்கி உட்கார்ந்தால் சுழலாது, சாயாது. நின்றுகொண்டே இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டலாம். பானையை இறக்கும் வேலை அப்பாவுக்கு. மொத்த வேலையிலும் அம்மா தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டியது இதை ஒன்றைத்தான்.

ராத்திரி

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஆள் நடமாட்டத்தில் எரியும் சின்ன எல்இடி விளக்குகளைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்தேன். மஞ்சள் ஒளி, கண்ணில் நேரே படாமல் தரையில் விழும். மேலே பெரிய டியூப்லைட்டைப் போட்டால் கண் கூசி, அணைத்தபின் இருட்டு இன்னும் அதிகமாகத் தெரியும். கட்டில் பக்கமும் கழிப்பறை வாசலிலும் டூ வே சுவிட்ச். எல்லாம் இன்வெர்ட்டரில். அப்பாவின் கயிற்றுக் கட்டில் தொட்டில் போல் தொங்கியது, தாழ்வும்கூட. மாற்றச் சொன்னால் கோபம் வரும். கயிற்றை இறுக்கிக் கட்டி, நான்கு காலுக்கும் குழி வெட்டிய மரக்கட்டை கொடுத்து நாலங்குலம் உயர்த்தினேன். மறுநாள் எழுந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கட்டையை எடுக்கவும் இல்லை.

செலவில் பெரிய பங்கு தரை உயர்த்தலுக்கும் பைப் வேலைக்கும் போனது. கைப்பிடிகள், விளக்கு, தாழ், கட்டில் கட்டை எல்லாம் சேர்ந்தும் அதில் கால்வாசி வராது. உடைக்க வசதியில்லாதவர்கள் இந்தக் கால்வாசியை மட்டும் முதலில் செய்யலாம்.

கடைசியாக மணி. வயர் இல்லாத காலிங் பெல்லின் பட்டனைக் கழிப்பறையில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டினேன். விழுந்தவர் கை மேலே எட்டாது. ஒலிப்பெட்டி ஒன்று கூடத்தில், ஒன்று சித்தப்பா வீட்டில். பெருக்கும்போது துடைப்பம் பட்டு மணி அடித்து, சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர் திட்டி முடித்ததும், 3 அங்குல பைப்பில் ஒரு துண்டு வெட்டி பட்டனைச் சுற்றி வளையமாக ஒட்டினேன். துடைப்பம் நுழையாது, விரல் நுழையும். பேட்டரி மாற்றும் தேதியை அந்த வளையத்தின் மேலேயே மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறேன்.